உங்களால் ஒரு காரியம் ஆகவேண்டும்



இந்த முதியோர் குடியிருப்பில் உங்கள் முன் பேச 'முதுமையில் கலையும் கருணையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போகலாம். ஆனால் முதியவர்கள் சேர்ந்து வாழும் இடங்களைப் பார்க்கப் பார்க்க, அங்கே இவை இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. கையில் ஒரு வித்தை இருக்கிறது; அதைக் கேட்டுக்கொண்டு ஓர் ஆள் வருகிறார். அப்போது அன்பு தானாகச் சுரக்கிறது. கேட்பார் இல்லாமல் போனால் வித்தையும் வற்றிவிடுகிறது, மனசும் வற்றிவிடுகிறது. இதைச் சொல்வதற்காக முதலில் உங்களை இத்தாலியில் உள்ள மிலான் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஜுசெப்பே வெர்டி 1813இல் பிறந்தவர். வசனத்தைக் குறைத்துப் பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் ஆப்பெரா என்னும் இசை நாடகத்தில் அவரை மிஞ்சியவர் சிலர்தான். 'நபூக்கோ', 'ரிகோலெத்தோ', 'லா த்ராவியாத்தா', 'ஐடா' என்று அவர் இசையமைத்தவை இன்றும் உலகம் முழுக்க மேடையேறுகின்றன. எண்பதை நெருங்கும் வயதில் அவரிடம் புகழும் இருந்தது, பணமும் இருந்தது. ஆனால் ஐம்பது வருட மேடை வாழ்க்கையில் அவர் இன்னொன்றையும் பார்த்திருந்தார். தன் நாடகங்களில் பாடியவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள், பின்பாட்டுக் கூட்டத்தில் நின்றவர்கள், இவர்களெல்லாம் வயதான பிறகு என்ன ஆகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இசைக் கலைஞனுக்கு ஓய்வூதியம் என்ற ஏற்பாடே இல்லாத காலம் அது. குரல் இருக்கும்வரை கைதட்டல். குரல் போன மறுவருடம், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேட்கக்கூட நாதி இருக்காது.

1889இல் மிலானின் அன்றைய எல்லைப்புறத்தில் வெர்டி ஒரு நிலம் வாங்கினார். கமில்லோ போய்த்தோ என்ற கட்டடக் கலைஞரிடம் வேலையைக் கொடுத்தார். இந்தக் கமில்லோவின் தம்பி அர்ரீகோதான் வெர்டியின் கடைசி இரண்டு நாடகங்களான 'ஒத்தெல்லோ'வுக்கும் 'ஃபால்ஸ்டாஃபு'க்கும் பாடல் எழுதிக் கொடுத்தவர். 1899இல் வீடு எழுந்து நின்றது. முதுமையடைந்த இசைக் கலைஞர்களுக்கான ஓய்வில்லம். மக்கள் அதை 'காசா வெர்டி' என்றே அழைக்கிறார்கள். வெர்டியின் வீடு.

வீடு தயாரான பிறகும் தான் உயிரோடு இருக்கும்வரை அதைத் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். யாரும் வந்து தன்னிடம் நன்றி சொல்லக் கூடாது என்பதுதான் காரணம். இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுகிறேன். உதவி வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்க நேர்ந்தால் அந்த உதவியில் ஒரு முள் இருக்கிறது. அந்த முள்ளை முன்கூட்டியே பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். தன் படைப்புகளில் தனக்கு மிகவும் பிடித்தது இந்த வீடுதான் என்று ஒரு சிற்பி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். யாருக்காகக் கட்டினேன் என்பதையும் அங்கேயே சொல்கிறார்: அதிர்ஷ்டம் கைகொடுக்காத கலைஞர்களுக்காகவும், இளமையில் சேமிக்கத் தெரியாமல் போன கலைஞர்களுக்காகவும். அந்தக் காலத்திலேயே சேர்த்து வைத்திருக்கக் கூடாதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

1901 ஜனவரி 27ஆம் நாள் வெர்டி மறைந்தார். ஒரு மாதம் கழித்து அவருடைய உடலையும், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன மனைவி ஜுசெப்பினாவின் உடலையும் அந்த வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். வழிநெடுக மக்கள் திரண்டு நின்றார்கள். இசைக்குழு நடத்துநரான தோஸ்கனீனி நடத்த, எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடகர்கள் 'நபூக்கோ'வில் அடிமைகள் தம் தாய்நாட்டை நினைத்துப் பாடும் பாட்டைப் பாடினார்கள். இருவரும் இன்றும் அந்த வீட்டிலேயே அடக்கமாகி இருக்கிறார்கள். 1902 அக்டோபர் 10, வெர்டியின் பிறந்த நாளில் வீடு திறந்தது. அவருடைய நாடகங்களுக்கு வந்த உரிமைத்தொகைதான் உயில்படி 1960களின் தொடக்கம்வரை அந்த வீட்டை நடத்தியது. இங்கே ஒரு மூலையில் 'ஐடா' மேடையேறினால் அங்கே ஒரு பழைய வயலின்காரருக்கு இரவுச் சாப்பாடு என்று கணக்கு.

கூரை, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அந்த வீட்டில் உண்டு. அதோடு பியானோக்கள் உண்டு, கச்சேரிக் கூடம் உண்டு. அங்கே வந்து சேர்ந்த எண்பது வயதுப் பாடகி, 'முன்னாள் பாடகி' ஆகவேண்டியதில்லை.

1984இல் டேனியல் ஷ்மித் என்ற சுவிட்சர்லாந்து இயக்குநர் அந்த வீட்டுக்குள் போய் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'தோஸ்காவின் முத்தம்' என்று பெயர். அதில் சாரா ஸ்குதேரி என்ற அம்மையார் வருகிறார். ஒரு காலத்தில் பெரிய மேடைகளில் பாடியவர். படம் எடுக்கும்போது எழுபதுகளின் கடைசியில் இருக்கிறார். தன் இளமைக் குரலின் பழைய ஒலிப்பதிவைக் கேட்கிறார். உடன் வாழும் முதியவர்களும் கேட்கிறார்கள். அந்தச் சுருதியில் நிற்பது எத்தனை கடினம் என்று அறிந்தவர்கள் அவர்கள். நம் வீடுகளில் பேத்தி, "பாட்டி சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பாள். அதுவும் அன்புதான். ஆனால் சக வித்தைக்காரர் ஒருவர் கண்ணை மூடித் தலையை அசைப்பதில் கிடைக்கும் நிறைவு அதில் வராது.

அதே படத்தில் இன்னொரு காட்சி. பூச்சினி இசையமைத்த 'தோஸ்கா' இசை நாடகத்தில் கதாநாயகி தன்னை வதைக்கும் கொடியவனைக் கத்தியால் குத்துவாள். அந்தக் கட்டத்தை ஸ்குதேரி அம்மையார் அந்த வீட்டின் நடைவழியிலேயே நடித்துக் காட்டுகிறார். எதிரில் இன்னொரு முதிய பாடகர், குத்துப்பட்டுச் சாகிறார். திரை இல்லை, விளக்கு இல்லை, ஒப்பனை இல்லை. எனக்கு அந்த அம்மையாரைவிட அந்த மனிதர் மேல்தான் கண் போனது. குத்துப்பட்டுச் சாக ஒருவர் சம்மதித்தால்தான் அவர் தோஸ்காவாக முடியும். அந்த வயதில், முழங்காலும் முதுகும் எப்படி இருக்குமோ, அவர் சம்மதிக்கிறார். சம்மதித்தது மட்டுமா, ரசித்துச் சாகிறார். கலை எங்கே முடிந்து கருணை எங்கே தொடங்குகிறது என்று அந்தக் காட்சியில் கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது. (இந்த ஆவணப்படத்தின் தூண்டுதலில்தான் ரொனால்ட் ஹார்வுட் 'குவார்ட்டெட்' நாடகத்தை எழுதினார். 2012இல் அது டஸ்டின் ஹாஃப்மன் இயக்கத்தில் படமாகவும் வந்தது. கிடைத்தால் பாருங்கள்.)

1999 முதல் அந்த வீட்டில் இளைஞர்களும் குடியிருக்கிறார்கள். மிலானில் இசை படிக்க வரும் மாணவர்கள், குறைந்த செலவில், பெரியவர்களோடு ஒரே கூரையின் கீழ். அவர்கள் சாதகம் செய்யும் சத்தம் பெரியவர்கள் காதில் விழும். சாப்பாட்டு மேசையில் சந்திக்கும்போது, இன்று காலையில் நீ பாடியதில் அந்த இடத்தில் மூச்சு போதவில்லையே என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. கல்லூரியில் மணிக்கணக்குப் பார்த்துக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரிடம் கிடைக்காத ஒன்று அது. பெரியவர்களுக்கோ, எழுந்ததும் காது கொடுக்க வேண்டிய ஒரு குரல் இருக்கிறது.

நெதர்லாந்தில் தெவந்தர் என்ற ஊரில் 'ஹியூமனிட்டாஸ்' என்றொரு முதியோர் இல்லம். அதன் தலைவர் கேயா சைப்கஸ் என்ற அம்மையார், 2012இல் கல்லூரி மாணவர்களுக்கு அங்கே வாடகை இல்லாமல் அறை கொடுத்தார். மாதம் முப்பது மணி நேரம் பெரியவர்களுக்கு 'நல்ல அண்டை வீட்டுக்காரனாக' இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் பணியாளர் வேலை. இவர்கள் செய்ய வேண்டியது பேசுவது, சேர்ந்து சாப்பிடுவது, பிறந்த நாளுக்கு வருவது. ஒரு மாணவர், சுவரில் வண்ணத்தைப் பீய்ச்சி அடித்து வரைகிறார்களே, அந்தத் தெரு ஓவியத்தைத் தாத்தா பாட்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மூட்டுவலிக்கு மாற்றாக அந்தப் பெரியவர்களுக்குப் பேச வேறொரு விஷயம் கிடைத்தது. நேற்றிரவு அந்தப் பையன் எத்தனை மணிக்கு வந்தான், கூட வந்த பெண் யார் என்று அவர்கள் விவாதித்தார்கள். ஊர்வம்புதான், ஆனால் அதில் உயிர் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2021ஆம் ஆண்டுக்கான அரசின் கணிப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031இல் இது 18.2 சதவீதம் ஆகும் என்கிறது அதே அறிக்கை. பிள்ளைகள் பெங்களூரிலும் டாலஸிலும் சிட்னியிலும். கோவையைச் சுற்றி முதியோருக்கென்றே குடியிருப்புகள் பெருகியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். முதியோர் இல்லம் என்றாலே கைவிடப்பட்டவர்கள் என்று கண்ணீர்விடும் சினிமாவும் பட்டிமன்றமும் இன்னும் அந்தப் பழைய இடத்திலேயே நிற்கின்றன. தாமே விரும்பி, தம் பணத்தில் வந்து இருக்கிறவர்கள் இந்த அவையில் பலர். அவர்களைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பதைப் போல அவமதிப்பு வேறில்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நாம் முதியவர்களிடம் காட்டும் அன்புக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரிந்திருக்கிறது. "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா உக்காருங்க." மகள் சொல்கிறாள், மருமகன் சொல்கிறார், இல்லத்தின் மேலாளர் சொல்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அறுபது வருடம் ஒரு வீட்டையே கையில் வைத்து நடத்திய பெண்மணியிடம் இதைச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒரு கரண்டியைத் தொடக் கூடாது, கறிவேப்பிலை உருவக் கூடாது. முதல் வாரம் நிம்மதியாக இருக்கும். பிறகு அந்த நிம்மதியே உடம்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மாடிகள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, படம் எந்த நாளில் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு என்று சொல்லி, ஆளுக்கு ஒரு செடி கொடுத்தார்கள். விருப்பமான செடியை அவர்களே எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு. இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் செவிலியர் பார்த்துக்கொள்வார், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் தொண்ணூறு பேர் அளவில்தான். இதை வைத்துப் பெரிய விதி எதையும் எழுதிவிடக் கூடாது. ஆனால் இரண்டு மாடியிலும் செடி இருந்தது, இரண்டு மாடியிலும் அக்கறை இருந்தது. தண்ணீர்ச் சொம்பு யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் கதையை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே தன் 'பீயிங் மார்ட்டல்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்ற சிற்றூர். அங்கிருந்த 'சேஸ் மெமோரியல்' இல்லத்துக்கு 1991இல் மருத்துவராக வந்தவர், அங்குள்ளவர்களை வாட்டும் நோய்கள் மூன்று என்று கண்டுகொண்டார்: தனிமை, சலிப்பு, தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம். இதற்கு மாத்திரை கிடையாது. அவர் இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளிகளுக்கு அனுமதி வாங்கினார். நூறு கிளியும் ஒரே நாளில் வந்து இறங்கின. கூண்டுகள் வந்து சேரவில்லை. கொண்டுவந்தவர் கட்டடத்தில் இருந்த முடிதிருத்தும் அறைக்குள் அத்தனையையும் பறக்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். கூண்டுகள் வந்தபின் பணியாளர்கள் அறைக்குள் பறந்து பறந்து கிளி பிடிக்க, பெரியவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு அவரவர் கிளிக்கு அவரவர் பெயர் வைத்தார்கள். எழுந்து நடக்க மாட்டார் என்று எழுதிவைத்திருந்தவர், நாயை நான் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினார். மருந்துச் செலவு குறைந்தது என்றும் கவாண்டே எழுதுகிறார்.

கிளி வேண்டாம், நாய் வேண்டாம், நமக்குக் காக்கை போதும். அதை நான் நேரில் பார்த்தேன்.

கோவைக்கு மேற்கே ஒரு குடியிருப்பு. மாசிக் கடைசி, வெயில் ஏற ஆரம்பித்த நேரம். அங்கே குடிவந்திருந்த ஒரு அம்மாவுக்கு வடகம் போட வேண்டும். நிர்வாகத்துக்குத் தயக்கம். சமையற்கூடத்தில் வெளியாள் நுழையக் கூடாது, தீ இருக்கிறது, வழுக்கி விழுந்தால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? நியாயமான தயக்கம்தான். கடைசியில் சமையற்காரர் கூழ் கிண்டுவது, அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பதம் சொல்வது என்று முடிவாயிற்று. அரைத்த அரிசி மாவில் பச்சை மிளகாய் விழுது, உப்பு, சீரகம், பெருங்காயம். கூழ் வெந்துவிட்டதா என்று சமையற்காரர் கேட்க, அம்மா கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்த்தார். "ஒட்டுது பாருங்க தம்பி. இன்னொரு கிண்டு." இரண்டாவது முறை தொட்டார், ஒட்டவில்லை. இறக்கச் சொன்னார். முறுக்கு அச்சு அவருடையது, ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, வெயிலுக்கு முன்னால் பிழிந்தார்கள். முதலில் ஒருவர்தான் கூட வந்தார். வாசனை மாடிப்படியில் இறங்கியதும் இன்னும் சிலர் ஏறி வந்தார்கள். ஒரு மாமி, எங்காத்துல ஜவ்வரிசிதான் என்றார். இன்னொரு அம்மா, வெங்காயம் போடாத வடகம் என்ன வடகம் என்றார். அந்தக் காலையில் அங்கே கேட்ட பேச்சு, அதற்கு முன் உணவுக்கூடத்தில் கேட்டதே இல்லை என்று ஒரு பணியாளர் சொன்னார்.

பிரச்சினை காக்கை. கறுப்புக் குடை கட்டியும் அடங்கவில்லை. அந்த மாடிக்குக் கீழே ஓர் அறையில், வாதம் வந்து இடதுகை விழுந்துபோன ஒரு பெரியவர். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். சாப்பாட்டுக்குக்கூட வெளியே வருவதில்லை, தட்டு அறைக்கே போகும். அவரை எப்படியாவது வெளியே வரவைக்க வேண்டும் என்று ஆலோசகர் வந்து பேசிப் பார்த்திருக்கிறார், மகன் வந்து கெஞ்சிப் பார்த்திருக்கிறார். இந்த அம்மா போய்க் கதவைத் தட்டினார்.

"ஏனுங்கண்ணா, உங்களால ஒரு காரியம் ஆகோணுமுங்க. மேல வடகம் புழிஞ்சு போட்டிருக்கறம், காக்கா விடமாட்டேங்குது. வந்து முடுக்கிக் குடுக்கறீங்களா?"

அவர் அம்மாவைப் பார்த்தார், தன் இடதுகையைப் பார்த்தார். "வலதுகை ஒண்ணு போதுமுங்களா?" என்று கேட்டார்.

லிஃப்டில் சக்கர நாற்காலியை ஏற்றினார்கள். கையில் ஒரு மூங்கில் குச்சி. வடகம் காய்கிறவரை தினமும் அவர் மாடியில் இருந்தார். அடுத்த நாள் குச்சி நுனியில் ஒரு பழைய கேசட் நாடாவைக் கட்டச் சொன்னார். காற்றில் அது விர்ரென்று அடிக்க, காக்கை பக்கத்தில் வரவில்லை. அதற்கடுத்த நாள், வேட்டியின் நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருப்பது சரியில்லை, காற்றில் மடங்குகிறது என்று, கம்பி வளைத்துக் கொக்கி போடும் விதத்தை வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஃபிட்டர் கை அல்லவா, வழி கேட்டதும் திரும்பி வந்துவிட்டது. காய்ந்த வடகத்தில் ஒரு பங்கு சமையற்கூடத்துக்குப் போயிற்று. இன்னொரு பங்கு வாட்ச்மேன் வீட்டுக்கும், அறை துடைக்க வரும் ஜார்க்கண்ட் பெண்ணுக்கும். அந்தப் பெண்ணுக்கு வடகம் பொரிக்கத் தெரியவில்லை. அதைக் காட்டிக்கொடுக்கப் போன ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பேச்சோடு பேச்சாக அ, ஆ எழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த முறை நான் போனபோது அந்தப் பெண் பேருந்துப் பலகையைப் படித்துத் தனியாக உக்கடம் போய் வந்திருந்தாள்.

ஆலோசகராலும் மகனாலும் முடியாதது அந்த அம்மாவால் எப்படி முடிந்தது? அவர்கள் இருவரும் அந்தப் பெரியவருக்கு ஒன்று கொடுக்கப் போனார்கள். இந்த அம்மா அவரிடம் ஒன்று கேட்கப் போனார். கேட்டதும் பொய்க்காக இல்லை. வடகத்தைக் காக்கை தின்றுகொண்டிருந்தது, உண்மையாகவே ஆள் தேவைப்பட்டது. இதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். சும்மா பொழுதுபோக்குக்காகச் செய்து குப்பையில் போடும் காகிதப் பூவுக்கும், நாளைக்கு யாரோ சாப்பிடப் போகும் வடகத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரியவர்களுக்கு உடனே தெரியும்.

சேர்ந்து வாழும் இடத்தில் எல்லாம் இனிப்பாக இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. உங்களுக்குத் தெரியாததா? உணவுக்கூடத்தில் புதிதாக வந்தவர் தட்டோடு நிற்பார். "அது அவங்க உக்கார்ற இடம்" என்பார்கள். நான்கு மேசை தாண்டி மூலையில் போய்த் தனியாக உட்காருவார். என்ன வேலையில் இருந்தீர்கள் என்று விசாரிப்பதிலேயே எடை போடுவது நடக்கும். என்ன ஊர் என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பது நடக்கும். பதவியில் இருந்தவர்கள் பதவியைக் கழற்றி வைக்கச் சிரமப்படுவார்கள். இவற்றை அறிவுரை சொல்லி மாற்ற முடியாது. சேர்ந்து செய்கிற வேலை ஓரளவு மாற்றுகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் வாசல் நிறைய ஒரு கோலம் போட வேண்டும் என்றால், புள்ளி வைக்கிறவருக்கு இழை இழுக்கிறவர் வேண்டும். குனிய முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கே கோணுகிறது என்று சொல்ல வேண்டும். அப்போது யார் கலெக்டர் ஆபீசில் இருந்தார், யார் ரேஷன் கடையில் இருந்தார் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எல்லோரும் பாட வேண்டும், எல்லோரும் ஆட வேண்டும் என்று மைக்கைக் கொண்டுபோய் முகத்தில் நீட்டாதீர்கள். தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து நாளிதழ் படிப்பவருக்கு அந்த உரிமை இருக்கிறது. மனைவியை இழந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவரைத் தம்போலா ஆட இழுப்பது கருணை ஆகாது. கதவைத் தட்டிக் கேட்பதுவரை நம் வேலை. இல்லை என்றால் இன்னொரு நாள் மறுபடி தட்டுவது நம் வேலை.

இதெல்லாம் உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜீன் கோஹன் என்ற முதுமை மனநல மருத்துவர் 2001இல் தொடங்கி வாஷிங்டன், புரூக்ளின், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று இடங்களில், சராசரி வயது எண்பதை ஒட்டிய முந்நூறு பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு சாரார் தேர்ந்த கலைஞர்களிடம் முறையாகச் சேர்ந்து பாடவும் எழுதவும் வரையவும் கற்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். வாஷிங்டனில் சேர்ந்திசைக் குழுவில் பாடியவர்கள் மற்றவர்களைவிட மருத்துவரிடம் போனது குறைவு, கீழே விழுந்தது குறைவு, மருந்து எடுத்துக்கொண்டது குறைவு. 'தேர்ந்த கலைஞர்களிடம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரியவர்கள்தானே என்று ஏனோதானோவென்று சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பைத் தப்பு என்றார்கள், திரும்பப் பாடச் சொன்னார்கள், மேடையேற்றினார்கள். வயதானவரிடம் எதைச் செய்தாலும் 'அருமை, அருமை' என்பது அவரைக் கணக்கிலேயே சேர்க்காததற்குச் சமம்.

மிலானைப் பற்றிப் பேசியது வெறும் பெருமைக்காக இல்லை. எனக்கு நீண்ட நாளாக ஓர் ஆசை. நம் நாட்டில் நாகஸ்வரம் வாசித்தவர்கள், தவில் அடித்தவர்கள், இசை நாடகத்தில் ராஜபார்ட்டாக நின்றவர்கள், கூத்தில் விடிய விடிய வேடம் கட்டியவர்கள், எத்தனையோ பேர் முதுமையில் ஒற்றை அறையில் முடங்கிக் கிடக்கிறார்கள். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கிறது. அது பெரிய விஷயம், பலருக்கு அதுதான் அரிசி. ஆனால் அந்த அறையில் அவர் வாசித்தால் கேட்பதற்கு அடுத்த அறையில் தவில்காரர் இல்லை. தஞ்சைப் பக்கமோ மதுரைப் பக்கமோ ஒரு வீடு வேண்டும். சீவாளி செதுக்க ஒரு திண்ணை, ஒத்திகைக்கு ஒரு கூடம், மாடியில் இசைக் கல்லூரி மாணவர்கள் தங்க பத்து அறை. வெர்டி தன் நாடகங்களின் வருமானத்தை எழுதிவைத்தார். நம்மிடையே இசையால் கோடி சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இது விழ வேண்டும் என்றுதான் போகிற மேடையிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை இங்கேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி இல்லங்களில் சேரும்போது நிரப்பும் விண்ணப்பத்தை நான் பல இடங்களில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெயர், வயது, இரத்த வகை. சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. சைவமா, அசைவமா. அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும். எல்லாம் தேவையான கேள்விகள். உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒரு வரி எந்த விண்ணப்பத்திலும் இல்லை. உள்ளே வருகிறவரின் குறைகள் முழுவதும் நம் கோப்பில் இருக்கின்றன. ஐம்பது வருடம் பழகிய கை என்ன செய்யும் என்ற குறிப்பு எங்கும் இல்லை. வடகம் போட்ட அம்மாவின் கோப்பில் 'முழங்கால் தேய்மானம்' என்று இருந்தது. அந்தப் பெரியவரின் கோப்பில் ஃபிட்டர் என்ற சொல்லே இல்லை.

உங்கள் மேலாளரிடம் இதை மாலையில் தேநீர் குடிக்கும்போது சொன்னேன். அவர் உடனே ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கட்டம் போட்டு, வாசல் மேசையில் வைத்திருக்கிறார். முதல் கட்டத்தில் உங்கள் பெயரும் வீட்டு எண்ணும். இரண்டாவதில், நீங்கள் இன்னொருவருக்குச் செய்து தரக்கூடியது அல்லது கற்றுத்தரக்கூடியது. கிழிந்த ரவிக்கை தைப்பது, வருமான வரிப் படிவம் நிரப்புவது, ஆர்மோனியத்தில் சுருதி பிடிப்பது, கண் தெரியாதவருக்குப் பேப்பர் படித்துச் சொல்வது, எதுவானாலும் எழுதலாம். மூன்றாவது கட்டத்தில், உங்களுக்கு யாராலாவது ஆகவேண்டிய காரியம். எழுதக் கை நடுங்குகிறவர்களுக்கு எழுதித்தர உங்கள் பேரப்பிள்ளைகள் இருவர் அங்கே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.